முன்னரங்கக் களஞ்சியம், பிளாக்டவுன்

அரசாங்கம் ஒரு மனிதனைத் தேடி வருகிறது என்றால், ஒன்று அவனைப் பிடித்துக்கொண்டு போக வரும், இல்லாவிட்டால் எதையாவது அவன் தலையில் கட்டிவிட்டுப் போக வரும். பரமேஸ்வரனுக்கு முதலாவதில் பழக்கமிருந்தது. இரண்டாவது வந்து நின்றபோது என்ன செய்வதென்று தெரியாமல், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றான்.

சிட்னியின் பிளாக்டவுனில், ரயில் பாதைக்கு ஒரு தெரு தள்ளி, அவனும் கிளமெண்டும் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்த பழைய வீடு அது. நன்றாக விடியக்கூட இல்லை. ஒரு நீண்ட லொறி பின்பக்கமாக வந்து, அயல் வீட்டுத் தபால்பெட்டியைச் சற்றே சாய்த்துவிட்டு நின்றது. சாரதி இறங்கினான். காலை வணக்கம் சொன்னான். பச்சைப் பட்டி கட்டிய பெட்டிகளை வாசலில் அடுக்கத் தொடங்கினான். அடுக்கி முடிந்தபோது வீட்டின் முன் யன்னல் மறைந்து போயிருந்தது.

கிளமெண்ட் பல்துலக்கும் பிரஷோடு வெளியே வந்தான்.

“என்னண்ணை, என்ன ஓடர் பண்ணினீங்கள்?”

“நான் ஒண்டும் பண்ணேல்லை.”

கிளமெண்ட் ஒரு பெட்டியின் மூலையைக் கிழித்துப் பார்த்தான். பார்த்த கையோடு மூடினான்.

“சப்பாத்து.”

“ஆற்றை சப்பாத்து?”

“ஆமிச் சப்பாத்து அண்ணை.”

பரமேஸ்வரன் சாரதியிடம் ஓடினான். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் திரட்டி, இது தன்னுடையதல்ல, வேண்டாம், திருப்பிக் கொண்டு போ என்றான். சாரதி நல்ல மனிதன். கையிலிருந்த சின்னக் கருவியைக் காட்டி விளக்கினான். வேண்டாம் என்று சொல்பவர்களுக்கும் அதில் ஒரு பொத்தான் உண்டாம். போன வருடம் அது பழுதாய்ப் போனதாம். அதன் பிறகு ஒருவர்கூட வேண்டாம் என்று சொன்னதாகப் பதிவில்லையாம். கையெழுத்துப் போட மறுத்தாலும் பாதகமில்லை. பொருளோடு சேர்த்து ஆளின் உடம்பில் ஏதாவது ஒரு பகுதி படத்தில் விழுந்தால் போதும். சொல்லிக்கொண்டே பெட்டிகளையும் பரமேஸ்வரனின் வெறுங்காலையும் சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பரமேஸ்வரன் இலங்கையின் வன்னியில் விசுவமடுவைச் சேர்ந்தவன். படகில் வந்தவன். வந்த நாள்முதல் தற்காலிக விசாவில் இருக்கிறான்; அந்தத் தற்காலிகம் முடிவதற்குள் அவனுடைய மகள் சுலக்சனா தவழ்ந்து, நடந்து, பள்ளிக்கூடம் போய், இப்போது தாயைவிட உயரமாகிவிட்டாள். இதெல்லாம் அவன் தொலைபேசித் திரையில் கண்டது. லிட்கத்தில் ஒரு வெதுப்பகத்தில் மாவு மூட்டை தூக்குகிறான். விசாக் காரியாலயம் கடைசியாக ஒரு இன்ரவியூ வைக்கும், அதில் நல்ல பதில் வந்தால் மனைவி பவளராணியையும் மகளையும் இங்கே கூப்பிட வழி பிறக்கும் என்று சொல்லியிருந்தார்கள். கிளமெண்ட் மன்னாரான். அவனுக்குப் போன வருடம் விசா கிடைத்தது. ஏன் கிடைத்தது என்று அவனுக்கும் தெரியாது. கேட்டால் திரும்ப எடுத்துவிடுவார்களோ என்று அவன் அதைப்பற்றிக் கதைப்பதேயில்லை.

பெட்டியில் ஒரு தொலைபேசி எண் இருந்தது. அது படைப்பொருள் நகர்த்தல் ஆணையத்தின் எண். பெயரைக் கேட்டதும் பரமேஸ்வரனுக்கு ஞாபகம் வந்தது. வெதுப்பகத்துக்கு முதல், ஆள் பிடித்துக் கொடுக்கிற ஒரு கம்பனி மூலமாக, இந்த ஆணையத்தின் பெரிய கட்டடமொன்றில் சில வாரம் பெட்டி தூக்கியிருக்கிறான்.

அழைத்தான். தமிழ் என்றான். கொஞ்ச நேரம் பியானோ வாசித்தார்கள். பிறகு ஒரு குரல் வந்தது.

“வணக்கம் சார். நான் மெல்பன்லேர்ந்து பேசறேன், வெங்கட்ராமன். மொழிபெயர்ப்பாளர். அவர் சொல்றத அப்படியே உங்களுக்குச் சொல்வேன், நீங்க சொல்றத அப்படியே அவருக்குச் சொல்வேன். என்னோட சொந்த அபிப்பிராயம் எதுவும் நடுவுல வராது.”

“சரி தம்பி. இந்தப் பெட்டியள் என்ரை இல்லை. பிழையா வந்திட்டுது. வந்து கொண்டு போகச் சொல்லுங்கோ.”

மறுமுனையில் பேசியவர் ஆணையத்தின் துணை இயக்குநர் வில்மொட். அவருடைய வார்த்தைகள் வெங்கட்ராமனின் வாயால் தமிழாகி வந்தன.

“பொருள் தப்பான எடத்துக்குப் போச்சுன்னா, அது கிடைக்காத முகாம்தான் புகார் குடுக்கணும். அந்த முகாம்லேர்ந்து இதுவரைக்கும் ஒரு புகாரும் வரல.”

“அந்த முகாம் எங்கை இருக்கு?”

“வடக்கே, பாலைவனத்து ஓரமா. இன்னும் கட்டல.”

“கட்டாத முகாம் எப்பிடி ஐயா புகார் குடுக்கும்?”

வெங்கட்ராமன் அதைச் சொன்னார். மறுமுனையில் வில்மொட் சந்தோஷமாகச் சிரிப்பது கேட்டது.

“அதத்தான் நானும் சொல்றேன். எங்க முகாம்கள்லயே முழுத் திருப்தியோட இருக்கறது அந்த ஒண்ணுதான்.”

பிறகு வில்மொட் பொறுமையாக விளக்கினார். முகாம் கட்டுவதற்கு ஒதுக்கிய பணம் தாமதமாகிவிட்டது. பொருள் வாங்குவதற்கு ஒதுக்கியது தாமதமாகவில்லை. வாங்கிய பொருளை அனுப்பியே ஆகவேண்டும். அனுப்புவதற்கு முகவரி வேண்டும். முகவரி இல்லாவிட்டால் கணினி, அந்தப் பெட்டியைக் கடைசியாகத் தொட்ட ஆளின் முகவரியைத் தானாகவே எடுத்துக்கொள்ளும்.

“அனுப்பறது எங்க பிரிவு. போய்ச் சேர்றத பார்த்துக்கறதுக்கு வேற பிரிவு இருந்துது. சிக்கனத்துக்காக அத மூடிட்டோம். மூடினதுக்கப்புறம் தப்பா போய்ச் சேர்ந்ததா ஒரு தகவலும் வர்றதில்ல.”

வில்மொட் நல்ல நாளாக அமைய வாழ்த்தி வைத்தார். வெங்கட்ராமனும் அதே வாழ்த்தை அதே தொனியில் சொன்னார். அது அவர் கடமை.

அடுத்து மழைக்கோட்டு வந்தது. அதற்கடுத்து நுளம்பு வலை. ஒவ்வொரு தடவையும் பரமேஸ்வரன் கால் படத்தில் விழாதபடி உள்ளே ஓடி ஒளிந்தான். ஒரு தடவை கையும், ஒரு தடவை தலைமயிரும் விழுந்தன. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை சீருடைகள் வந்தன.

புள்ளி புள்ளியாய்ப் பச்சையும் மண்ணிறமும். கராஜ் நிறைந்து குசினிக்குள்ளும் நான்கு பெட்டி வைக்க வேண்டியிருந்தது. அன்று பரமேஸ்வரனுக்குச் சோறு இறங்கவில்லை. ஊரில் அவனுடைய அண்ணனை ஆமி கூட்டிக்கொண்டு போனது, வீட்டுக் கூரையில் ஒழுக்கை மறைக்கச் செருகியிருந்த ஒரு பச்சைத் துணித்துண்டுக்காக. எங்கே எடுத்தாய் என்று கேட்பதற்கென்று கூட்டிக்கொண்டு போனார்கள். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. ஆள் திரும்பி வரவில்லை.

அந்தக் கிழமையே இன்ரவியூத் திகதியும் வந்தது.

பரமேஸ்வரனின் விசா விசயத்தை இலவசமாகப் பார்ப்பவள் தாரிணி என்ற இளம் சட்டத்தரணி. இங்கேயே, ஹோம்புஷில் பிறந்து வளர்ந்த பிள்ளை. தமிழ் விளங்கும், பதில் மட்டும் பாதி வழியில் ஆங்கிலத்துக்குப் போய்விடும்.

“அங்கிள், ஜஸ்ட் லீவ் இட். ஒண்டையும் தொடாதீங்கோ. இட்ஸ் நொட் யுவர் ஃபோல்ட், ஓகே?”

“பிள்ளை, இன்ரவியூவுக்கு முதல் ஆரும் வீட்டை வந்து பாத்தா?”

“பாத்தா என்ன? யு டிட் நத்திங் றோங்.”

ஒரு பிழையும் செய்யாதவர்களுக்கு என்னென்ன நடக்கும் என்று ஹோம்புஷில் பிறந்த பிள்ளைக்கு எப்படித் தெரியும்? பரமேஸ்வரன் ஓம் என்று சொல்லிவிட்டு, மண்வெட்டியும் அலவாங்கும் வாங்கக் கடைக்குப் போனான்.

வன்னியில் வீடு கட்டத் தெரியாதவன் இருப்பான். பங்கர் வெட்டத் தெரியாதவன் இருக்கமாட்டான். பங்கர் என்றால் குண்டு விழும்போது பிள்ளைகுட்டியோடு இறங்கிப் படுக்கிற குழி. ஆள் இறங்காத நாட்களில் அதற்குள் மற்றதெல்லாம் இறங்கும்: நகை, படம், பள்ளிக்கூடச் சான்றிதழ், ஆர் கண்ணிலும் படக்கூடாத துணிமணி. ஆபத்தான சாமான் வீட்டுக்குள் வந்தால் விசுவமடுவில் ஒருவனும் தொலைபேசி எண்ணைத் தேடமாட்டான். மண்ணைத்தான் தேடுவான். மண் ஒருவரையும் காட்டிக் கொடுக்காது என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், உடுப்புக் காயப்போடும் கம்பத்துக்குக் கீழே வெட்டத் தொடங்கினார்கள். சிட்னியின் மேற்குப் பக்கத்துக் களி, காய்ந்தால் சீமெந்து, நனைந்தால் பசை.

“அண்ணை, ஆரும் கேட்டா?”

“கேட்டா என்ன?”

“சுவிமிங் பூல் எண்டு சொல்லுவம். எங்களைப் பாத்தா நம்புவினம்.”

“வாயை மூடிக்கொண்டு வெட்டடா.”

“எனக்கு விசா இருக்கு, நான் கதைக்கலாம். நீங்கள்தான் வாயை மூடவேணும்.”

நேர்கோடாக வெட்டக்கூடாது, ஒரு முறிப்பு வைத்து ‘ட’ மாதிரி வெட்டவேண்டும், அப்போதுதான் வாசலில் விழுகிற குண்டின் சிதறல் உள்ளே போகாது. பிளாக்டவுனில் குண்டு விழாது என்று கிளமெண்ட் சொல்லிப் பார்த்தான். பரமேஸ்வரனின் கைக்கு அது தெரியவில்லை. பெட்டி ஏற்றி வந்த மரத்தட்டுகளை உடைத்துப் பக்கச் சுவருக்கு அணைகொடுத்தான். தண்ணீர் வடிய ஒரு சின்னக் கான். கீழே பொலித்தீன், நடுவில் பெட்டிகள், மேலே பொலித்தீன். பலகை, மண், அதன்மேல் வெட்டி எடுத்த புல்லையே திரும்பப் பதித்தான். மழை ஒன்று பெய்ததும் புல் பிடித்துக்கொண்டது. அன்றைக்குத்தான் பரமேஸ்வரன் வயிறு நிறையச் சாப்பிட்டான்.

பிறகு சில மாதம் லொறி வரவில்லை. இன்ரவியூவையும் விசாக் காரியாலயம் இரண்டு தடவை தள்ளி வைத்தது.

மூன்றாவது திகதி நெருங்கிய நேரத்தில் இரண்டு வெள்ளைக் கார்கள் வாசலில் வந்து நின்றன. கழுத்தில் அட்டை தொங்க ஆட்கள் இறங்கினார்கள். ஒருவன் கையில் மண்ணைத் துழாவும் நீண்ட கருவி இருந்தது. அவர்கள் நேராகப் பின்வளவுக்குப் போய், உடுப்புக் கம்பத்துக்குக் கீழே நின்றார்கள்.

பரமேஸ்வரன் ஒன்றும் யோசிக்கவில்லை. புல்லில் முழங்கால் போட்டு, இரண்டு கையையும் பிடரியில் கோத்துக்கொண்டு, தலையைக் குனிந்தான்.

வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு ஒரு தொலைபேசியில் இருந்து பழக்கமான குரல் கேட்டது.

“சார், வணக்கம். வெங்கட்ராமன். நீங்க முட்டி போட்டு ஒக்காந்திருக்கீங்களாமே, ஏன்னு மிஸ்டர் வில்மொட் கேக்கறார்.”

“பழக்கம் தம்பி.”

“பழக்கம்னு சொல்றேன் சார்.”

வில்மொட் உயரமான, சிவந்த, அன்பான மனிதர். தலையசைத்துவிட்டுப் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் ஏதோ எழுதச் சொன்னார். பின்னாளில் தாரிணி அதை வாசித்துக் காட்டினாள்: ‘களஞ்சியப் பொறுப்பாளர் யாரும் சொல்லாமலே ஒழுங்குக்கு வருகிறார். பயிற்சி தெரிகிறது.’

வந்த காரணம் வேறு. ஆணையத்தின் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் அது இருக்கும் இடத்தைச் சொல்கிற சின்னச் சில்லு ஒன்று இருக்கிறதாம். மற்றக் களஞ்சியங்களில் வைத்த பெட்டிகளெல்லாம் நடந்துகொண்டேயிருக்கின்றனவாம். டார்வினுக்கு அனுப்பிய கூடாரம் ஹோபார்ட்டில் நிற்கிறது. ஹோபார்ட்டுக்கு அனுப்பிய கம்பளி ஒரு சனிக்கிழமைச் சந்தையில் நிற்கிறது. ஒரு சமையல் வண்டி கடலுக்குள் நிற்கிறது, எப்படியென்று ஒருவருக்கும் தெரியவில்லை. முழு நாட்டிலும் வைத்த இடத்தில் அப்படியே இருப்பவை பிளாக்டவுன் பெட்டிகள் மட்டும்தான்.

புல்லைக் கிளப்பினார்கள். பலகையைத் தூக்கினார்கள். வில்மொட் ஏணி வைத்து உள்ளே இறங்கினார். சுவரைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. அவர் ஏறி வந்தபோது கண் கலங்கியிருந்தது.

“காஞ்சு இருக்கு. ஒரு பூச்சி இல்ல. மேலேர்ந்து பார்த்தா ஒண்ணும் தெரியல. சார், இத யார் டிசைன் பண்ணினா?”

“ஒருத்தரும் இல்லை. தம்பி, நான் ஒளிச்சு வைச்சனான் எண்டு சொல்லுங்கோ. பயத்திலை தாட்டனான். கொண்டு போகச் சொல்லுங்கோ, கும்பிட்டுக் கேக்கிறன்.”

வெங்கட்ராமன் அதை அப்படியே சொன்னார், கும்பிட்டுக் கேட்பதையும் சேர்த்து. வில்மொட் பரமேஸ்வரனின் தோளில் கை வைத்தார்.

“இந்தத் தன்னடக்கம்தான் எங்க நிறுவனத்துல இல்லாம போச்சு.”

அடுத்த கிழமையே விழா வைத்தார்கள். பின்வளவில் கூடாரம் போட்டு, சொசேஜ் சுட்டு, வேலியில் ‘முன்னரங்கக் களஞ்சியம்’ என்று பலகை அடித்தார்கள். கிளமெண்ட் மூன்று சொசேஜ் சாப்பிட்டான். வில்மொட் பேசினார். தொலைபேசி ஒரு கதிரையில் வைக்கப்பட்டு, அதிலிருந்து வெங்கட்ராமன் தமிழில் பேசினார். தமிழ் கேட்க இருந்தது இரண்டே பேர்.

“படைக்குப் பொருள் அனுப்பறது என்னிக்குமே கஷ்டம். அமெரிக்கா புதுசா குடியரசான காலத்துல, எல்லைக் கோட்டையில இருந்த சிப்பாய்ங்க கோடைக்குக் கேட்ட சட்டை பனிக்காலத்துல வந்து சேருமாம். ஒரு கோட்டைக்கு வர வேண்டிய மாவு இன்னொரு கோட்டைக்குப் போயிடுமாம். சிப்பாய் பட்டினி கிடப்பான், புலம்பிக் கடுதாசி போடுவான். இருநூறு வருஷமா எல்லாரும் பொருள்ல தப்புன்னு நெனச்சாங்க. நாங்கதான் கண்டுபிடிச்சோம். தப்பு சிப்பாய்கிட்ட. இந்தக் களஞ்சியத்துல சிப்பாயே கிடையாது. யாரும் பூட்ஸப் போட்டுத் தேய்க்கறதில்ல. யாரும் சாப்பாட்டத் தின்னு தீர்க்கறதில்ல. அனுப்பினது அனுப்பினபடி இருக்கு. இதுதான் எங்க கனவு.”

கை தட்டினார்கள். பரமேஸ்வரனுக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். இந்தத் தகவலை அரசாங்கத்தின் மற்றக் காரியாலயங்களோடும் பெருமையோடு பகிர்ந்துகொண்டிருப்பதாக வில்மொட் சொன்னார். பரமேஸ்வரன் சிரித்தான். படத்தில் இம்முறை அவனுடைய முழு உடம்பும் விழுந்தது.

இன்ரவியூ நகரத்தில், ஒரு உயரக் கட்டடத்தில். மேசையில் ஒரு தண்ணீர்க் குவளை, ஒரு பெட்டி கடதாசிக் கைக்குட்டை. கேள்வி கேட்ட அம்மா மெல்லிய குரலில் பேசினாள். தாரிணி பக்கத்தில் இருந்தாள். மேசை நடுவில் இருந்த தொலைபேசியில் யாரென்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

“வணக்கம் சார். வெங்கட்ராமன்.”

முதலில் ஊர், பெயர், அண்ணன். எல்லாம் முன்பு சொன்னதுதான். பிறகு அந்த அம்மா ஒரு படத்தைத் தள்ளினாள். சொசேஜ் சுட்ட நாளில் எடுத்தது.

“நீங்க ராணுவத்துக்குப் பயந்துதான் நாட்ட விட்டு வந்தேன்னு சொல்லியிருக்கீங்க. ஆனா ராணுவச் சீருடைய வீட்டுக்குக் கீழ வச்சுக்கிட்டு மாசக்கணக்கா குடியிருந்திருக்கீங்க. அந்தப் பயம் இப்ப எங்க?”

“பயத்திலைதான் அம்மா தாட்டனான்.”

“இதுக்கு முன்னாடி நீங்க குடுத்த வாக்குமூலத்துல, எந்த இயக்கத்துலயும் எந்தப் படையிலயும் பயிற்சி எடுத்ததில்லன்னு இருக்கு. இந்தப் பதுங்குகுழி ராணுவத் தரத்துல இருக்குன்னு ஆணையம் சான்றிதழ் குடுத்திருக்கு. எங்க கத்துக்கிட்டீங்க?”

“வீட்டிலை.”

“யார் சொல்லிக் குடுத்தா?”

“ஒருத்தரும் சொல்லித் தரேல்லை. மேலை பிளேன் வந்தா எல்லாருக்கும் வெட்டத் தெரியும். என்ரை மகளுக்கும் தெரியும். கைக்குழந்தையா அதுக்குள்ளைதான் கிடந்தவள்.”

வெங்கட்ராமன் அதைச் சொல்ல வழமையைவிடக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்தார். அந்த அம்மா எழுதிக்கொண்டாள். தாரிணி ஆங்கிலத்தில் வேகமாக ஏதேதோ சொன்னாள். கடைசியில் அந்த அம்மா ஒரு தயவு காட்டினாள். பெட்டிகள் பிழையாக வந்தவை என்று ஆணையமே எழுதித் தந்தால், அதைக் கருத்தில் எடுப்பேன் என்றாள்.

பரமேஸ்வரன் வெதுப்பகத்துக்கு லீவு போட்டுவிட்டு வில்மொட்டைப் பார்க்கப் போனான். பிழை என்ற ஒரு சொல், அவ்வளவுதான், ஒரு வரியில் எழுதித் தாருங்கள், என் பிள்ளையை நான் காணவேண்டும் என்று வெங்கட்ராமன் மூலமாகக் கேட்டான்.

வில்மொட்டின் மனதை அது தொட்டது.

“பிழைன்னு எழுத முடியாது. பிழை நடந்தா அதப் பார்க்கறதுக்குத் தனிப் பிரிவு வேணும், அத மூடிட்டோம். ஆனா உங்களக் கைவிட மாட்டேன். இதவிட நல்லா எழுதறேன்.”

நல்லாய்த்தான் எழுதினார். தன் நீண்ட சேவையில் எந்தப் படைப் பொறியாளனிடமும் இப்படியொரு திறமையைக் கண்டதில்லை என்றும், இது ஒரு நாளில் வருகிற கையல்ல என்றும், பல வருடப் போர்க்கள அனுபவம் இல்லாமல் இது சாத்தியமே இல்லை என்றும், இவரை இந்த நாடு இழந்தால் அது பாதுகாப்புக்கே இழப்பு என்றும் எழுதி, பரமேஸ்வரனுக்குத் தெரியாமலே நேராக விசாக் காரியாலயத்துக்கு அனுப்பியும்விட்டார். ஆணையம் அனுப்பியதில் சரியான இடத்துக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்தது அது ஒன்றுதான்.

மறுப்பு வந்தது. மறைத்த பயிற்சி, நம்பத்தகாத பயம். ஒரு காலையில் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். பரமேஸ்வரன் முழங்கால் போட்டான். தேவையில்லை, எழும்பி நடந்தால் போதும் என்று மரியாதையாகச் சொன்னார்கள். கிளமெண்ட் வாசலில் நின்று, “அண்ணை, சாரம் ரெண்டு எடுத்து வைச்சிருக்கிறன், போயிட்டு வாங்கோ” என்றான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று விளங்கி, அழத் தொடங்கினான்.

தடுப்பு முகாமில் பெரிய குறையில்லை. மூன்று நேரமும் சாப்பாடு வந்தது, அது மட்டும் பிழையான இடத்துக்குப் போகவில்லை. திருப்பி அனுப்பும் நாளுக்குக் காத்திருந்தபோது வில்மொட் பார்க்க வந்தார். பழம் கொண்டுவந்தார். பார்வையாளர் மேசையில் தொலைபேசியை வைத்தார்.

“நீங்க கவலப்படாதீங்க. பொறுப்பாளர் எங்க போனாலும் பொருள் அவர் பின்னாடியே போகணும்ங்கறது எங்க விதி. விசா ஆபீஸ் ரொம்ப ஒத்துழைப்பு குடுத்தாங்க. உங்க ஊர் முகவரிய அவங்களே குடுத்துட்டாங்க. கப்பல் கிளம்பிப் போயாச்சு. எங்க சரித்திரத்துலயே மொத தடவையா, ஆள் போறதுக்கு முன்னாடி பொருள் போய்ச் சேருது.”

பரமேஸ்வரனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்தான்.

“எந்த ஊர்? விசுவமடுவோ? தம்பி, எந்த ஊரெண்டு கேளுங்கோ! அங்கை பொம்பிளையும் பிள்ளையும் தனிய இருக்கினம். சீருடை, தம்பி! சீருடை! வேற நாட்டு ஆமிச் சீருடை! வீட்டுக்குப் பக்கத்திலை ஆமிக் காம்ப்! நிப்பாட்டச் சொல்லுங்கோ!”

பிறகு வெங்கட்ராமன் பேசினார், ஆனால் அது பரமேஸ்வரன் சொன்னதன் அளவில் இல்லை. நீளமாக, மூச்சு வாங்க, ஆங்கிலத்தில் வில்மொட்டிடம் பேசினார். இடையில் ‘சேர்’ என்ற சொல் வருவது நின்றுபோனது. வில்மொட்டின் முகம் சிவந்தது. மொழிபெயர்ப்பாளர் தன் சொந்த அபிப்பிராயத்தைச் சொல்வது ஒழுங்கீனம் என்று எழுந்தார். பெயரைக் குறித்துக்கொண்டார்.

அடுத்த நாள் பரமேஸ்வரன் ஆணையத்தை அழைத்துத் தமிழ் என்றபோது, பியானோ முடிந்து வேறொரு குரல் வந்தது. அனுப்பிய பொருளை நிப்பாட்டுவதற்கு அது இன்னும் போய்ச் சேராமல் இருக்கவேண்டும், போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதற்குப் பிரிவு இல்லை என்று அந்தக் குரல் அழகான தமிழில் சொன்னது.

ஊருக்கு எடுத்தால் லைன் கிடைக்கவில்லை. தாரிணி யார் யாருக்கோ மனு எழுதினாள். எல்லோரும் கிடைத்தது என்று பதில் போட்டார்கள். முகாமின் தொலைபேசிக்கு முன்னால் வரிசையில் நின்று, முறை முடிந்ததும் திரும்பக் கடைசியில் போய் நின்றுகொண்டிருந்தான் பரமேஸ்வரன்.

ஒரு வழியாக லைன் கிடைத்தபோது பவளராணி மூச்சிரைக்கப் பேசினாள்.

“இஞ்சேருங்கோ, நீங்களோ? ஒரு லொறி வந்தது. உங்கட பேரிலை. வேண்டாம் எண்டு கத்தினன், இறக்கிப்போட்டுப் போட்டான். முற்றம் முழுக்கப் பெட்டி. என்ரை காலைப் படம் எடுத்தவன். என்னப்பா இது?”

“ஆரும் பாத்தவையோ?”

“லொறி ரோட்டாலைதானே வந்தது. காம்ப்பைத் தாண்டித்தானே வந்தது. ஒண்டைத் திறந்து பாத்தன். அதுக்குள்ளை... போனிலை சொல்ல மாட்டன்.”

“தெரியும். சொல்லாதை. சுலக்சனா எங்கை?”

“பின்னுக்கு. நான் ஒண்டும் சொல்லேல்லை, தானா வெட்டத் தொடங்கீட்டாள். ஆர் சொல்லிக் குடுத்தது எண்டு தெரியேல்லை, நேராய் வெட்டாமல் முறிச்சு வெட்டுறாள்.”

பரமேஸ்வரன் வாயைத் திறந்தான். வெட்டாதே என்று சொல்ல வந்தது. வெட்டியதால் தனக்கு நடந்ததைச் சொல்லலாம். வெட்டாவிட்டால் அங்கே அண்ணனுக்கு நடந்ததும் அவனுக்குத் தெரியும். பின்னால் வரிசையில் நின்றவன் மெல்ல இருமினான்.

“கேக்குதே? எவ்வளவு ஆழம் எண்டு கேக்கிறாள். இடுப்பளவு வெட்டிப்போட்டாள். காணுமோ?”

“காணாது,” என்றான் பரமேஸ்வரன். “நெஞ்சளவு வெட்டச் சொல்லு. கெதியா.”